மூன்று தவணையும் இருபது பேர் சீட்டும்

1

பள்ளி மலருக்கு, வெளியூரில் வாழும் பழைய மாணவர்கள் ஆளுக்கு ஒன்று எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நம் வகுப்பில் துபாய்க்கும் கனடாவுக்கும் போனவர்கள் இருக்கும்போது மைசூரில் இருக்கும் என்னைக் கேட்டது எனக்கே சிரிப்பாக இருந்தது. மேட்டூரில் காலையில் பஸ் ஏறினால் பாலாறு, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் என்று சுற்றிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். கடலும் கிடையாது, விசாவும் கிடையாது. ஆனாலும் இருபத்திரண்டு வருஷமாக நான் வெளிநாட்டில்தான் இருக்கிறேன். பேசத் தெரிந்த, ஆனால் வாசிக்கத் தெரியாத மொழியில் அச்சடித்த தாள்களில் கையெழுத்துப் போட்டு வாழ்வதற்கு வேறு என்ன பெயர்?

அரண்மனை விளக்கையும் தசரா யானையையும் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். போன தை மாதம் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு வந்தபோது மனசு மாறிவிட்டது. பந்தியில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைக்கிறேன், எதிர் வரிசையிலிருந்து பெரியத்தை கேட்கிறார்: "ஏங் கண்ணு, மைசூர் வூடு ஏலத்துக்குப் போயிருச்சாமா?"

அவ்வளவு பேர் நடுவில். எனக்குக் கோபம் வந்தால் முதலில் கன்னடம்தான் வரும். "யாரு ஹேளித்து?" என்று கேட்டுவிட்டேன். யார் சொன்னது என்று கேட்டேன், அவ்வளவுதான். பந்தியே சிரித்தது. "பாரு, பேச்சே மாறிப்போச்சு இவளுக்கு" என்றார் பெரியத்தை. என் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

வீடு ஏலம் போகவில்லை. மூன்று தவணை தவறியது நிஜம். அது எப்படித் தவறியது, பிறகு என்ன ஆனது என்பதை நானே எழுதிவிடுகிறேன். நீங்களும் பந்தியில் அரைகுறையாகப் பேசிக்கொள்ள வேண்டாம்.

2

என் வீட்டுக்காரர் மாதேஷ் டைல்ஸ் போடுகிறவர். மைசூரில் ரிங் ரோடு தாண்டிப் புதிதாக எழும்பிய வீடுகளில் பாதிக்காவது அவர் கை பட்டிருக்கும். நான் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு எழுநூறு சட்டைக்காலர் என் கண்ணைத் தாண்டிப் போகும். பதிமூன்று வருஷம் வாடகை வீட்டில் இருந்து, ஓனர் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கும் எங்கள் வாளிக்கும் நடந்த யுத்தங்களை எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு சின்ன சைட் வாங்கிக் கட்டினோம். இங்கே மனைக்குச் சைட் என்றுதான் பேர். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. தரையில் அவரே டைல்ஸ் போட்டார். வேலை செய்த இடங்களில் மீந்தவற்றைக் கேட்டு வாங்கி வந்ததால் கூடத்தில் நாலு நிறம் இருக்கும். வீட்டுக்கடன் ஒரு பைனான்ஸ் கம்பெனியில். மாதம் ஒன்பதாயிரத்து எண்ணூறு.

மூன்றரை வருஷத்துக்கு முன், ஒரு சித்திரை மாதம், இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து அவர் விழுந்தார். முழங்காலில் ஆபரேஷன். நாலு மாதம் எழுந்து நடக்கவில்லை. சேர்த்து வைத்தது அனைத்தையும் ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது. என் சம்பளம் பதினாலாயிரம் மட்டும் மிச்சம்.

அப்போது எங்கள் கம்பெனியில் தமிழ்ப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு சீட்டு நடத்திக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஐயாயிரம், மாதம் ஒரு லட்சம். நான்தான் வசூல். கொள்ளேகால் பக்கம் மார்டள்ளி என்ற ஊரைச் சேர்ந்த ராணி அக்கா எனக்குக் கூட்டு. பத்தாம் தேதி டிபன் நேரத்தில் பணம் சேரும், சாயங்காலம் ஏலம். ஜூன் மாதம் என் கையில் இருந்த பணத்துக்கு இரண்டு வழி இருந்தது. சீட்டை நிறுத்திவிட்டு, அங்கே இங்கே கைமாற்று வாங்கிச் சாப்பிட்டு, வீட்டுத் தவணையைக் கட்டலாம். இல்லாவிட்டால் சீட்டைக் கட்டிவிட்டு, மருந்தும் அரிசியும் வாங்கிக்கொண்டு, கடன்காரனைப் பொறுக்கச் சொல்லலாம்.

நான் சீட்டைக் கட்டினேன். ஒரு முறை அல்ல, மூன்று மாதமும்.

3

நம் தெருவில் என் அம்மா சீட்டு நடத்தியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பணம் புரளவில்லை என்றால் கெடு நாளுக்கு முன்னாலேயே வந்து சொல்லிவிட வேண்டும். "அக்கா, இந்த மாசம் முடியாது, ஆவணியில சேர்த்துக் குடுத்தர்றேன்" என்றால் முடிந்தது. அம்மா தன் பணத்தைப் போட்டு ஈடுகட்டுவார். சொன்னவளைப் பற்றித் தெருவில் ஒரு வார்த்தை வராது. சொல்லாமல் ஒளிந்துகொண்டவள் மறுநாளே வட்டி போட்டுக் கட்டினாலும் அவளை அடுத்த சீட்டில் சேர்க்க மாட்டார்கள். பணம் பிந்தலாம், சொல் பிந்தக் கூடாது. அதைப் பார்த்து வளர்ந்த புத்தி எனக்கு.

அதனால் ஜூன் மூன்றாம் தேதி, தவணைக்கு இரண்டு நாள் முன்னால், அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பைனான்ஸ் கம்பெனிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த ஆளிடம் ஆபரேஷன் தாளைக் காட்டினேன். மூன்று மாதம் பொறுங்கள், ஆகஸ்ட்டில் சேர்த்துக் கட்டிவிடுகிறேன் என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஆயித்தம்மா" என்றார். சரியம்மா என்று அர்த்தம். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று யோசித்தால் அந்த ஆள் என்னை அனுப்பி வைக்கத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவர் கம்ப்யூட்டரில் எதையும் தட்டவில்லை. நானும் ஒரு துண்டுத் தாள் கேட்கவில்லை. அம்மாவிடம் யாரும் தாள் கேட்டதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கடனை மாற்றி எழுதித் தரவும் தவணையைத் தள்ளி வைக்கவும் அங்கே வழி இருந்திருக்கிறது. அதற்கு மனு எழுத வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஐந்தாம் தேதி என் கணக்கில் கை வைத்துப் பார்த்து, பணம் இல்லை என்று அபராதம் போட்டார்கள். என் பேங்கும் தன் பங்குக்கு ஒன்று போட்டது. அடுத்த மாதமும் அப்படியே. ஆகஸ்ட்டில் வசூல் ஆள் ஒருவன் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டான். ஷிப்ட் விட்டு நானூறு பெண்கள் வெளியே வரும் நேரம் பார்த்து என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டான். நான் தலை குனியவில்லை. "நான் உங்க ஆபீஸ்ல சொல்லிட்டுத்தான் வந்தேன். இந்த மாசக் கடைசியில கட்டுவேன். கேட்ல நின்னு கத்தினா முன்னால கட்டுவேன்னு நினைக்காதே" என்று கன்னடத்தில் சொன்னேன். ராணி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த மாதச் சீட்டை நான் ஏலத்தில் தள்ளி எடுத்தேன். பதினேழாயிரம் நஷ்டத்தில் எண்பத்து மூன்றாயிரம் கைக்கு வந்தது. ஆகஸ்ட் முப்பதாம் தேதி மூன்று தவணையையும் அபராதத்தையும் ஒரே கட்டாகக் கட்டினேன். முதல் தவணை தவறி எண்பத்தாறு நாள். தொண்ணூறு தாண்டியிருந்தால் வாராக் கடன் என்று எழுதியிருப்பார்களாம். "பாக்கி எல்லாம் சேர்த்து" என்று எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு, வருகிற வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

4

ஒரு வருஷம் கழித்துத்தான் முடியவில்லை என்று தெரிந்தது.

மாதேஷ் மறுபடி வேலைக்குப் போய்ப் பார்த்தார். டைல்ஸ் வேலை என்பது நாள் முழுக்க மண்டி போட்டுச் செய்வது. அரை மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிடும். ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். கல்லை அளந்து வெட்டுகிற மனுஷன் கார் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஒரு லக்கேஜ் ஆட்டோ வாங்கிவிட்டால் கடைகளுக்குச் சரக்கு அடித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டோம். அது நடக்காவிட்டால் வாட்ச்மேன் சம்பளத்தில் வீட்டுக்கடனைத் தாங்க முடியாது. வீட்டை விற்றுவிட்டு மேட்டூருக்கு வந்து அண்ணன் வீட்டு மாடியில் இருக்க வேண்டியதுதான். அண்ணன் நல்லவர்தான். ஆனால் போன் பண்ணும்போதெல்லாம் "வித்துட்டு வந்துருங்க" என்று அவர் சொல்வது என் காதில் நாராசமாக விழுந்தது.

மாதேஷ் ஒரே வாரத்தில் நாலு இடத்தில் வண்டிக் கடனுக்கு எழுதிப் போட்டார். நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்பதுதானே நம் வழக்கம். நாலும் நிராகரிப்பு. கடைசியாக என் சம்பளக் கணக்கு இருக்கும் பேங்குக்குப் போனோம். அங்கே கடன் பிரிவில் சுமா மேடம் இருந்தார். மண்டியாக்காரர், கன்னடத்தில்தான் பேசுவார். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். கம்ப்யூட்டரைத் திருப்பி, கிரெடிட் ஸ்கோர் என்று ஒரு எண்ணைக் காட்டினார். வீட்டுக்கடன் இருவர் பெயரிலும் என்பதால் அடி இருவர் எண்ணிலும். அவருக்குத் தொள்ளாயிரத்துக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று. எனக்கு ஐந்நூற்று எண்பத்தெட்டு.

"எதுக்கு மேடம் இது மார்க்?"

"நீங்க வாங்கின கடனைச் சொன்ன தேதியில கட்டினீங்களாங்கறதுக்கு."

"நான்தான் சொன்ன தேதியில கட்டினேனே. ஆகஸ்ட்ல கட்டறேன்னு சொன்னேன், ஆகஸ்ட்ல கட்டினேன்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். தவறிய ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள் தாமதம் என்று கட்டம் கட்டமாகச் சிவப்பில் பதிவாகும். பிறகு மொத்தமாகக் கட்டினாலும் அந்தக் கட்டங்கள் மூன்று வருஷத்துக்குப் பார்ப்பவர் கண்ணில் படும். யார் என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுத அதில் இடம் கிடையாது. ஒரே வாரத்தில் நாலு இடத்தில் கேட்டது வேறு, பணத்துக்குப் பறக்கிற ஆள் என்று காட்டி இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இருபது பேர் பணம் ஒரு ரூபாய் குறையாமல் என் கை வழியாகப் போய் வந்திருக்கிறது. அதற்கு அந்தத் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை.

5

சுமா மேடம்தான் இன்னொன்றையும் காட்டினார். மூன்று கட்டம் மட்டுமா சிவப்பு? நான் ஒழுங்காகக் கட்டிய அடுத்த பன்னிரண்டு மாதமும் பாக்கி என்றே இருந்தது. மகள் பவித்ராவை உட்கார வைத்து, வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் முழுக் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். அதில் நான் மூன்று பெயரில் இருந்தேன். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயரே என் பெயராக. அது போகட்டும். நான் மொத்தமாகக் கட்டிய பணத்தில் முதலில் ஏதோ கட்டணங்களை எடுத்துக்கொண்டு, தவணையில் இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் குறைகிறது என்று வைத்திருந்தார்கள். அந்தக் குறை ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்துக்குத் தாவிக்கொண்டே வந்திருக்கிறது. எனக்கு ஒரு போன் இல்லை, ஒரு கடிதம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒரு ஏஜெண்ட் வந்தான். எட்டாயிரம் கொடுத்தால் சிவப்பையெல்லாம் அழித்துவிடுவானாம். மாதேஷ் சபலப்பட்டார். "உண்மையா தவறினதை நீ எப்படிப்பா அழிப்பே?" என்று கேட்டேன். "அதெல்லாம் உள்ளே ஆள் இருக்கு மேடம்" என்றான். காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

ரசீதை எடுத்துக்கொண்டு பைனான்ஸ் கம்பெனிக்குப் போனேன். ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்கள் என்றார்கள். ஹெட் ஆபீஸ் கிளையைக் கேளுங்கள் என்றது. கிளையில் மேனேஜர் லீவு. அடுத்த வாரம் மேனேஜரே மாறிவிட்டார். பவித்ரா இங்கிலீஷில் ஒன்பது மெயில் போட்டாள். அறிக்கை தயாரிக்கும் இடத்திலேயே புகார் பதியலாம் என்று சுமா மேடம் சொன்ன பிறகு அதையும் செய்தோம். எனக்கு ஒரு கொள்கை இருந்தது. கவுண்டரில் யார் எது சொன்னாலும் ஒரு தாளை நீட்டுவேன். "இதை எழுதி சீல் வெச்சுக் குடுங்க." என்னைக் கண்டாலே அங்கே இருந்தவர்கள் சீலைத் தேட ஆரம்பித்தார்கள். இரண்டரை மாதம் ஆனது. பன்னிரண்டு சிவப்பும் போனது.

மூன்று மட்டும் இருந்தது. அவற்றை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவை என்னுடையவை.

மற்றது எல்லாம் பொறுமைக் கணக்கு. சுமா மேடம் சொன்னபடி பதினைந்தாயிரத்தை டெபாசிட்டாகப் போட்டு, அதன் பேரில் ஒரு சின்ன கிரெடிட் கார்டு வாங்கினேன். கேஸ் சிலிண்டருக்கும் போன் பில்லுக்கும் மட்டும் அதைத் தேய்ப்பேன். பில் வந்த அன்றே முழுவதையும் கட்டிவிடுவேன். தவணை ஐந்தாம் தேதி என்றால் முதல் தேதியே பணம் கணக்கில் கிடக்கும். வேறு எங்கும் கடன் கேட்கவில்லை. ஒன்றரை வருஷம். கம்பெனியில் காலர் பார்ப்பது போலவே மாதாமாதம் அந்த எண்ணைப் பார்த்தேன். அறுநூற்றுப் பத்து. அறுநூற்று நாற்பது. ஒரு மாதம் காரணமே இல்லாமல் ஆறு குறைந்தது. கடைசியில் எழுநூற்று இருபத்து மூன்று. அவருடையது எழுநூற்றைத் தொட்டது.

6

பவித்ராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பிறந்தவள், பி.காம் கடைசி வருஷம். கனவுகூடக் கன்னடத்தில்தான் காண்பாள் போலிருக்கிறது. தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டக்கூட வராது. நம் ஊர்ச் சீட்டு, சொல்லி வைப்பது எல்லாம் அவளுக்கு நாட்டுப்புறச் சங்கதி. மூன்று தவணையைப் பற்றிப் பேச்சு வந்தால், "நீங்க ரெண்டு பேரும் தெரியாம மாட்டிக்கிட்டீங்கம்மா" என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

வண்டிக் கடனுக்கு மறுபடி சுமா மேடத்திடம் போனோம். முன்பணம் ஒரு லட்சம் தயாராக இருந்தது. புதுச் சீட்டு தொடங்கியபோது மற்ற பத்தொன்பது பேரும், ராணி அக்கா சொல்லி, முதல் சீட்டை ஏலம் இல்லாமல் முழுசாக எனக்கே விட்டுக்கொடுத்திருந்தார்கள். இந்த எண்ணே போதும் என்றார் சுமா மேடம். ஆனால் மூன்று சிவப்பும் இன்னும் தெரிகிறது, அதற்கு மேலிடத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் வேண்டும் என்றார். மாதிரி ஒன்றும் கொடுத்தார். பவித்ரா படித்துச் சொன்னாள்: "நிதி அறிவு இல்லாத காரணத்தால் தவணை தவறிவிட்டது. வருந்துகிறேன். மன்னிக்கவும்."

"சும்னே சைன் பண்ணும்மா" என்றாள். பேசாமல் கையெழுத்துப் போடு என்கிறாள்.

போடவில்லை. வீட்டுக்கு வந்து, நம் பள்ளியில் கற்றுக்கொண்ட தமிழில், ஒன்றரைப் பக்கம் நானே எழுதினேன். அவளுக்குப் படிக்க வராது என்பதால் நான் வாசிக்க வாசிக்க அவள் இங்கிலீஷில் அடித்தாள். கணவர் விழுந்தது. தவணைக்கு இரண்டு நாள் முன்பே நேரில் போய்ச் சொன்னது. கேட்டில் வந்து கத்தியவனிடம் என்ன சொன்னேன் என்பது. சீட்டைக் கட்டி, அந்தச் சீட்டை எடுத்தே பாக்கியை அடைத்தது. பாதியில் அவள் விரல் நின்றுவிட்டது. "நீ முன்னாடியே போய்ச் சொன்னியா? எனக்கு கொத்தே இல்லம்மா" என்றாள். அவளுக்குத் தெரியாதுதான். அன்றைக்கு அவளுக்குப் பதினேழு வயது, பரீட்சை நேரம், நாங்கள்தான் சொல்லாமல் மறைத்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தை அடித்தாள். கடைசியில் 'வருந்துகிறேன்' சேர்க்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

சுமா மேடம் இரண்டு முறை படித்தார்.

"கலாம்மா, இதுல மன்னிப்பே இல்லையே?"

"இல்ல மேடம். தாமதமாச்சு, அபராதம் கட்டியாச்சு. ஏமாத்தல."

"சீட்டை நிறுத்திட்டு இதைக் கட்டியிருக்கலாமே?"

"சீட்டை நிறுத்தியிருந்தா ஆகஸ்ட்ல கட்ட எங்கிருந்து பணம் வந்திருக்கும்? இந்த ஒரு லட்சம் முன்பணம்தான் எங்கிருந்து வந்திருக்கும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சரி, மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தா முதல்ல எதைக் கட்டுவீங்க?"

மேசைக்கு அடியில் பவித்ரா என் காலை மிதித்தாள். என்ன சொன்னால் கடன் வரும் என்று எனக்கும் தெரியும். இந்த ஒரு பதிலில் வண்டி இருந்தது, நாலு நிற டைல்ஸ் போட்ட கூடம் இருந்தது, நாங்கள் இங்கே இருப்பதா போவதா என்பது இருந்தது.

"சீட்டைத்தான் மேடம். அது இருபது பேர் வீட்டு அடுப்பு. ஆனா இந்தத் தடவ உங்ககிட்ட எழுத்துல குடுத்து, சீல் வாங்கி, தவணையைத் தள்ளி வெச்சுக்கிட்டுத்தான் கட்டுவேன்."

சுமா மேடம் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. என் கடிதத்தின் அடியில் கன்னடத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்புக்குள் வைத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்கு அந்த எழுத்து தெரியாது. பவித்ரா எதிர்ப்பக்கம் இருந்தே தலைகீழாகப் படித்துவிட்டிருந்தாள். வெளியே பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள்: "'இவர் உண்மை பேசுகிறார், நான் பொறுப்பு'ன்னு எழுதியிருக்காங்கம்மா."

ஒன்பதாம் நாள் கடன் வந்தது. நாங்கள் வீட்டை விற்கவில்லை.